எழுபத்து மூன்று நிமிடம் பின்னால் இருக்கும் ஊர்

லப்பைக்குடிக்காட்டில் ருமைசா வளர்ந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. வலது பக்கக் கடிகாரம் நம் நாட்டுக்கு உழைத்தது. இடது பக்கக் கடிகாரம் அதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடியது. அது சார்ஜாவுக்குச் சொந்தம். அங்கே ஒரு மளிகைக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த அப்துல் சலாம் எப்போது எழுகிறார், எப்போது சாப்பிடுகிறார், எப்போது போன் செய்தால் எரிந்து விழமாட்டார் என்பதையெல்லாம் அவர் மனைவி ஜரீனா இடது பக்கம் ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடுவார். மகள் ருமைசா கழித்தல் கணக்கில் நூறு வாங்கியதில் டீச்சருக்குப் பெரிய பங்கு கிடையாது.

எந்தக் கேள்விக்கு எந்தக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் தடுமாறியதில்லை. ருமைசா தடுமாறினாள். ஆனால் அதற்கு அவள் திருச்சிக்குப் போய் எம்.சி.ஏ. படித்துவிட்டு வர வேண்டியிருந்தது.

படித்து முடித்தவளுக்குப் பெரம்பலூரில் வேலை கிடைத்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகில், உரக்கடை மாடியில், பாலசுந்தரம் நடத்திய நிறுவனம். தா.பழூர்ப் பக்கம் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்து, நெல்லைத் தவிர எது வேண்டுமானாலும் விளைவிப்பேன் என்று கிளம்பி வந்தவர் அவர். நிறுவனத்தின் பலகையில் ‘சாஃப்ட்வேர்’ என்ற சொல் பெரிய எழுத்திலும், ‘திருமணப் பத்திரிகைகள் அச்சிடப்படும்’ என்பது சின்ன எழுத்திலும் இருந்தன. வரும்படி இதற்கு நேர் எதிர் அளவில் வந்தது. அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அந்தப் பலகையில் ‘இரு மாவட்டங்களிலும்’ என்று எழுதச் சொன்னார். மறுபடி சேர்த்தபோது அழிக்கச் சொன்னார். திரும்பவும் பிரிப்பார்கள் என்று பேச்சு அடிபட்டதால் அந்த இடத்தில் வெறும் பெயிண்டோடு காத்திருந்தார். மாவட்டப் பிரிவினையால் உடனடிப் பயன் அடைந்தவர் பெயிண்டர்தான்.

ருமைசாவைச் சேர்த்தது சாஃப்ட்வேருக்கு அல்ல, பத்திரிகைக்கு. தமிழ்த் தட்டச்சு பிழையில்லாமல் வரும் என்பதால் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். நட்சத்திரம், திதி, லக்னம், யோகம் என்று ஓராண்டு அடித்துத் தள்ளினாள். ஊரில் யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த லக்னத்தில் தாலி ஏறுகிறது என்பது லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணுக்கு மனப்பாடமானது. ‘ரிஷப லக்னத்தில்’ என்று தூக்கத்தில் சொன்னதாக ஜரீனா கவலைப்பட்டதும் உண்டு. அந்த மேசையிலிருந்து தப்பிப்பதற்கு அவள் கேட்டுக் கேட்டு, 2006 வைகாசியில்தான் ஒரு நிஜமான வேலை வந்தது.

ரெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. லாரி வெறுமையாக உள்ளே போகும்போது ஒரு எடைமேடையில் நிறுத்துவார்கள். கல்லேற்றி வெளியே வரும்போது இன்னொரு எடைமேடை. ஒவ்வொரு மேடைக்கும் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர். எத்தனை டன் போனது, வண்டி உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டும் சேர்ந்து கணக்குச் சொல்ல வேண்டும். அதற்கான புரோகிராமை ருமைசா எழுதினாள்.

பாலசுந்தரம் பேச்சில் மிச்சம் வைக்கவில்லை. சனிக்கிழமை கொண்டுபோய் மாட்டுகிறோம். நல்லபடியாக ஓடினால் அவளே போய் மாட்டலாம், இனி சாஃப்ட்வேர் மேசை அவளுக்கு. ஓடவில்லை என்றால் வீரமுத்து போய் ஏதாவது செய்து ஓட வைப்பான், அவள் பத்திரிகைக்குத் திரும்பி வரலாம், முகூர்த்த சீசன் வேறு.

வீரமுத்து அங்கே மூத்த புரோகிராமர். மூத்தவன் என்றால் அதற்கு முன் அங்கே வேறு புரோகிராமர் இருந்ததில்லை. புரோகிராமை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பான். விழவில்லை என்றால் கொடுத்துவிடுவான். விழுந்தால் வாடிக்கையாளர் கூப்பிடுவார். ருமைசா திருச்சியிலிருந்து வேறு பழக்கம் கொண்டு வந்திருந்தாள். எழுதுகிற ஒவ்வொரு துண்டுக்கும் அதைச் சோதிக்க இன்னொரு குட்டித் துண்டு எழுதுவாள். யூனிட் டெஸ்ட் என்று பெயர். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாச் சோதனையும் வரிசையாக ஓடும். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சைப் பட்டை. ஒன்று தப்பினாலும் சிவப்பு. பச்சை வராமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். சட்டம் வைத்தவளே மாட்டிக்கொள்வது நாட்டு நடப்புதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டை சிவந்தது.

தப்பியது ஒரே ஒரு சோதனை. அது இருப்பதிலேயே எளியது. ஒரு பொய் லாரியை உள்ளே விடு, உடனே வெளியே எடு, நின்ற நேரம் பூஜ்ஜியம் நிமிடம் என்று வருகிறதா பார். உள் மேடைக்குப் பதிலாக முன்னறையில் இருந்த மெயின் கம்ப்யூட்டரையும், வெளி மேடைக்குப் பதிலாகத் தன் மேசைக் கம்ப்யூட்டரையும் அவள் வைத்திருந்தாள். வர வேண்டியது பூஜ்ஜியம். வந்தது கழித்தல் எழுபத்து மூன்று. அதாவது அந்த லாரி உள்ளே வருவதற்கு எழுபத்து மூன்று நிமிடம் முன்னதாகவே வெளியே போயிருந்தது.

வீரமுத்து எட்டிப் பார்த்தான். குவாரிக்காரர் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார், இவ்வளவு சுறுசுறுப்பான லாரி தமிழ்நாட்டிலேயே கிடையாது என்றான். பிறகு அவளுடைய கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினான். அது அப்துல் சலாம் சார்ஜாவிலிருந்து மகளுக்காகக் கொண்டு வந்தது.

“உங்க அத்தா அங்க வாங்கினதுல்ல. அது இன்னும் சார்ஜா டயத்துலயே ஓடுது போல.”

“சார்ஜான்னா தொண்ணூறு நிமிஷம்ண்ணே. இது எழுபத்து மூணு.”

“அப்ப அது எந்த ஊரு?”

ருமைசா மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். “எழுபத்து மூணு நிமிஷம் பின்னாடி இருக்கிற ஊரு கடலுக்குள்ளதான் இருக்கும்.”

ஆனாலும் பார்த்தாள். கம்ப்யூட்டர் சமர்த்தாக இந்திய நேரம்தான் காட்டியது. எழுதிய வரிகளைத் தலைகீழாகப் படித்தாள். தப்பு எதுவும் இல்லை. வீரமுத்து இதற்கிடையில் தன்னுடைய ஒரே வைத்தியமான ரீஸ்டார்ட்டைச் செய்துவிட்டு டீ குடிக்கப் போனான். சாயங்காலம் மறுபடி ஓட்டினாள். பச்சை. ரீஸ்டார்ட்டால்தான் சரியானது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை உச்சி வேளையில் மறுபடி சிவப்பு. இம்முறை கழித்தல் நாற்பத்தொன்று. ரீஸ்டார்ட் பலிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து, மேசை விசிறியை நிறுத்திவிட்டு ஓட்டினாள், பச்சை. விசிறிதான் காரணம் என்று வீரமுத்து தீர்ப்புச் சொன்னான், வோல்டேஜை இழுக்கிறதாம். வியாழக்கிழமை விசிறி இல்லாமல் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் மறுபடி சிவந்தது. அன்று எண் அறுபதைத் தாண்டியிருந்தது. செருப்பை வெளியே விட்டு வந்தபோது பச்சையானது.

இப்படியாக வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள், பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாஸ்திரத்தையே உண்டாக்கியிருந்தார்கள். விசிறி கூடாது. செருப்பு கூடாது. வீரமுத்து இடது பக்கம் நிற்கக் கூடாது. பொத்தானை அழுத்தும்போது யாரும் ‘இப்ப வந்துரும்’ என்று சொல்லக் கூடாது. இது எதையும் அவர்கள் நம்பவில்லை என்று கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஒன்றையும் மீறவில்லை.

பாலசுந்தரம் வந்து பட்டையைப் பார்த்தார். அது அப்போது பச்சையாக இருந்தது. மத்தியானம் எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னார்கள்.

“ஏம்மா, ஒரு நேரம் செவப்பு, ஒரு நேரம் பச்சைன்னா அது என்ன சிக்னலா? நாளைக்குள்ள பாரு. இல்லேன்னா அந்த டெஸ்ட்டெல்லாம் தூக்கிட்டு வீரமுத்து கொண்டு போகட்டும். லாரிக்காரன் பட்டையா பாக்கப் போறான்?”

“பட்டையைத் தூக்கலாம் சார். தப்பு உள்ளயே இருக்கும்.”

“உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததால்தான் பல நிறுவனங்கள் நன்றாக நடக்கின்றன. ருமைசா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். வீட்டில் ஜரீனா சோறு போட்டபடி என்ன விஷயம் என்று கேட்டார். லாரி வருவதற்கு முன்னால் போய்விடுகிறது என்றாள் மகள். ஜரீனா இடது பக்கக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அத்தா இப்போதுதான் வேலை முடிந்து வந்திருப்பார், அப்புறம் பேசலாம் என்றார். ருமைசாவும் நிமிர்ந்து அந்த இரண்டு கடிகாரங்களையும் பார்த்தாள். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக, சோதனையில் இரண்டு வரி சேர்த்தாள். லாரி உள்ளே வந்தபோது மெயின் கம்ப்யூட்டரில் மணி என்ன, வெளியே போனபோது தன்னுடையதில் மணி என்ன, இரண்டையும் திரையில் காட்டு. ஒன்பது மணிக்கு ஓட்டினாள். இரண்டும் ஒரே மணி, பச்சை. பத்து மணிக்கும் பச்சை. பதினொன்று தாண்டி ஓட்டியபோது சிவப்பு. அவளுடைய கம்ப்யூட்டர் பதினொன்று பத்து என்றது. முன்னறைக் கம்ப்யூட்டர் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

வீரமுத்து துள்ளினான். மெயின் கம்ப்யூட்டரின் பேட்டரி செத்துவிட்டது, செத்தால் கடிகாரம் கண்டபடி ஓடும், இதை முதல் நாளே நினைத்தேன் என்றான். நினைத்ததைச் சொல்லாமல் விசிறியை நிறுத்தச் சொன்னது ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவன் கீழே ஓடிப்போய், மாத்திரை மாதிரி இருக்கும் அந்தப் பேட்டரியை வாங்கி வந்தான். ஸ்க்ரூடிரைவரோடு இருவரும் முன்னறைக்குள் நுழைந்தார்கள்.

முன்னறை அமிர்தவல்லியின் ஆட்சி. பத்திரிகை ஆர்டர் எடுப்பது, ரசீது அடிப்பது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர்தான். அன்று திருமழபாடியிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரசீது அப்போதுதான் பிரிண்டரிலிருந்து வந்து பெண்ணின் தகப்பனார் கைக்குப் போயிருந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் நகருங்கக்கா. பேட்டரி மாத்தணும். டயம் தாறுமாறா ஓடுது,” என்றாள் ருமைசா.

அமிர்தவல்லி நகரவில்லை. “பேட்டரிக்கு என்ன கேடு? நாந்தான் தள்ளி வச்சிருக்கேன்.”

“எதை?”

“டயத்தை.”

அமிர்தவல்லி ஒளித்துச் சொல்லவில்லை, வருந்தியும் சொல்லவில்லை. ஜன்னலை நான்தான் சாத்தினேன் என்று சொல்கிற குரல்தான்.

“இன்னிக்கு வெள்ளிக்கெழம. பத்தரை பன்னெண்டு ராகு காலம். மொத மொத பத்திரிகைக்குக் குடுக்கிறாங்க. ரசீதுல பதினொன்னேகால்னு அடிச்சுக் குடுத்தா கையில வாங்குவாங்களா? பன்னெண்டு வரைக்கும் உக்காருங்கன்னா எதிர்க்கடைக்குப் போயிருவாங்க. அதான் பன்னெண்டு தாண்டித் தள்ளி விட்டுட்டேன். ராகு காலம் முடிஞ்சா பழையபடி எடுத்து வச்சிருவேன். எப்பவும் பண்றதுதான்.”

வீரமுத்து ஸ்க்ரூடிரைவரைக் கீழே இறக்கினான். “நெஜ நேரம் சாமிக்குத் தெரியாதாக்கா?”

“சாமி எங்க ரசீது பாக்குது? சம்பந்தி பாப்பாரு.”

பெண்ணின் தகப்பனார் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் அனுபவப்பட்டவர் மாதிரி தெரிந்தது.

ராகு காலம் என்று ஒன்று இருப்பது ருமைசாவுக்குத் தெரியாதா? ஓராண்டு பத்திரிகை அடித்தவள். எந்தக் கிழமை எந்த நேரத்தில் முகூர்த்தம் வராது என்று அவள் விரல்களுக்கே தெரியும். செவ்வாய் மூன்று மணி, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை என்று சிவந்த வேளைகள் அவள் தலைக்குள் ஒவ்வொன்றாக எரிந்தன. ராகு காலம் ஒன்றரை மணி நேரம். அதனால்தான் எந்த எண்ணும் தொண்ணூறைத் தாண்டவில்லை. கடலுக்குள் இருக்கிறதென்று நினைத்த ஊர் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

பாலசுந்தரத்தை அழைத்தார்கள். அமிர்தவல்லியைக் கடிகாரத்தில் கை வைக்கக் கூடாதென்று சொல்லுங்கள் என்று வீரமுத்து வாதாடினான். பாலசுந்தரம் அமிர்தவல்லியைப் பார்த்தார், பெண் வீட்டாரைப் பார்த்தார், பலகையின் சின்ன எழுத்தை நினைத்தார்.

ருமைசாதான் பேசினாள். “தப்பு அக்கா மேல இல்ல சார். எம்மேல. உள்ள வர்ற நேரத்துக்கு ஒரு கடிகாரத்தைப் பாக்கிறேன், வெளிய போற நேரத்துக்கு வேற கடிகாரத்தைப் பாக்கிறேன். ரெண்டையும் கழிக்கிறேன். குவாரியிலயும் ரெண்டு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர். அங்கயும் எவராச்சும் தள்ளுவாங்க.”

“குவாரியில யாரும்மா தள்ளப் போறா?”

“இங்க யாரும் தள்ளுவாங்கன்னு நெனைச்சமா?”

இரண்டு கடிகார வீட்டில் பிறந்தவள் செய்யக்கூடிய தப்பு அது ஒன்றுதான். வீட்டில் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மாறியதே இல்லை. ஒரு கடிகாரத்தை யாராவது அன்போடு நகர்த்திவிட்டு, அன்போடு திருப்பி வைப்பார்கள் என்பது அவள் கழித்தல் கணக்கில் கிடையாது.

மத்தியானம் முழுக்க எழுதினாள். மணியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். லாரி உள்ளே வந்ததும், ஓட்டப்பந்தயத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துவது போல, உள் மேடையில் ஒரு எண்ணிக்கை தொடங்கும். லாரி வெளியே போகும்போது, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று வெளி மேடைக் கம்ப்யூட்டர் உள் மேடையையே கேட்கும். சுவரில் மணி என்ன என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பிறகு இதைச் சோதிக்க ஒரு புது டெஸ்ட் எழுத வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய விவரத்துக்காக முன்னறைக்குப் போய் அமிர்தவல்லிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

எப்பெப்போது தள்ளுவீர்கள் என்று கேட்டாள். அமிர்தவல்லிக்கு இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகத் தொழில் நுணுக்கம் கேட்டதில்லை. ராகு காலம் கட்டாயம் என்றார். எமகண்டம், கேட்டால் மட்டும். பின்னாடியும் தள்ளுவீர்களா என்று கேட்டதற்கு, ஆமாம், ராகு காலம் தொடங்கி ஓரிரு நிமிடம்தான் ஆகியிருந்தால் முன்னே தள்ளுவதைவிடப் பின்னே இழுப்பது கிட்டம் என்றார்.

“குளிகையில?”

“அதுலயும் தள்ளணும். குளிகையில செஞ்சது திரும்ப நடக்கும்பாங்க. கல்யாணம் திரும்ப நடக்கலாமா?”

ருமைசா அதையும் சேர்த்துக்கொண்டாள். டெஸ்டுக்குள் ஒரு போலிக் கடிகாரம் செய்து, லாரி உள்ளே இருக்கும்போதே அதை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, பழையபடி வைத்து, நின்ற நேரம் மாறாமல் வருகிறதா என்று பார்த்தாள். நிஜக் கடிகாரத்தில் அமிர்தவல்லி செய்ததை, பொய்க் கடிகாரத்தில் எம்.சி.ஏ. செய்தது. அந்த டெஸ்டுக்கு ‘அமிர்தவல்லி’ என்றே பெயர் வைத்தாள். பச்சை வந்தது. அப்புறம் அமிர்தவல்லியையே அழைத்து, மெயின் கம்ப்யூட்டரில் இஷ்டத்துக்குத் தள்ளச் சொன்னாள். அவர் தேர் வடம் பிடிக்கிற முகத்தோடு நேரத்தை இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் பச்சை. விசிறி ஓடியது, வீரமுத்து இடது பக்கம் நின்றான், எல்லார் காலிலும் செருப்பு.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கே எல்லாம் தயார். ராகு காலம் போகட்டும் என்று பாலசுந்தரம் பத்தரை வரை கிளம்பவில்லை. யாரும் கேலி செய்யவில்லை. காரில் போலிக் கடிகாரம் வைக்க முடியாது.

ரெட்டிபாளையத்தில் வெள்ளைத் தூசி மரங்களின் மேலும் மனிதர்கள் மேலும் ஒரே நியாயமாக விழுந்திருந்தது. இரண்டு அறைகளிலும் மாட்டி முடித்து, முதல் லாரி வந்து நிற்கும்போது மணி ஒன்றரையைக் கடந்துவிட்டது. உள் மேடையில் உட்கார்ந்திருந்த அங்கமுத்து என்பவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மூணு மணிக்கு மேல ஆரம்பிக்கலாங்களா? எமகண்டம் நடக்குது. மொத வண்டி.”

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பாலசுந்தரம் ருமைசாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வாரப் பேச்சு இருந்தது.

“கீழ வலது ஓரத்துல மணி தெரியுது பாருங்கண்ணே,” என்றாள் ருமைசா. “ரெண்டு தடவை அழுத்தி, மூணு தாண்டி வச்சுக்குங்க.”

அங்கமுத்துவின் முகம் மலர்ந்தது. இப்படியொரு வசதி உண்டென்று தெரியாமல் இத்தனை நாள் வண்டிகளைக் காக்க வைத்தோமே என்றார். மணியை நகர்த்தினார். லாரி உள்ளே போனது. போனதும் ஞாபகமாகப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார், அவரும் நாணயஸ்தர்தான்.

ருமைசா வெளி மேடை அறைக்கு நடந்தாள். கையில் ஒரு வேலையும் இல்லை. துப்பட்டாவில் விழுந்த தூசியைத் தட்டினாள், மறுபடி விழுந்தது, மறுபடி தட்டினாள். கல்லேற்றிய லாரி முனகிக்கொண்டு மேடையில் ஏறியது. எடை வந்தது. அதன் கீழே நின்ற நேரம் வந்தது: இருபத்தாறு நிமிடம். கழித்தல் குறி இல்லை. லாரி, வந்த பிறகுதான் போயிருந்தது.

பாலசுந்தரம் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, தூசி படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வேறு யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்.

“பத்திரிகை மேசைக்கு ஆள் தேவைன்னு திங்கக்கெழம காலையில விளம்பரம் குடுத்துருவோம்.”

“ஒம்பது மணிக்கு மேல குடுங்க சார்,” என்றாள் ருமைசா.